திருவையாற்றுக்கு எப்போது போவது: தையா, சித்திரையா, ஆடியா?

திருவையாற்றுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று இசை ரசிகர் ஒருவர் சொன்னால், கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவு நாள் இசைவிழாவான ஆராதனைக்குப் போக வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒருமுறை போய்வந்தவர்களில் ஒரு பகுதியினர் மெய்சிலிர்த்துத் திரும்புகிறார்கள். இன்னொரு பகுதியினர், கூட்டத்தில் நின்றோம், ஒலிபெருக்கியில் கேட்டோம், வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம் என்று சலித்துக்கொள்கிறார்கள். இரு சாராரும் சொல்வது உண்மைதான். ஊரின் மேல் குற்றமில்லை. எதைக் கேட்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் தேதியை மட்டும் முடிவு செய்ததால் வந்த வேறுபாடு அது. ஏனெனில் இந்தச் சின்னக் காவிரிக்கரை ஊரில் ஆண்டுக்கு மூன்று பருவங்களில், மூன்று விதமான இசை, மூன்று வேறு இடங்களில் ஒலிக்கிறது. தையில் ஆற்றங்கரைப் பந்தலில் கீர்த்தனை. சித்திரையில் தெருவில் நாகஸ்வரம். ஆடியில் கோயிலுக்குள் தேவாரம். இரண்டு மூன்று நாள் விடுப்பும் ஒரு பயணத்துக்கான பணமும் மட்டுமே கையில் உள்ளவர் இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. தங்கும் வசதி, வெயில், கூட்டம் எல்லாம் கணக்கில் வரும் என்றாலும், காதுக்கு என்ன கிடைக்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஊரின் இருப்பிடத்தை முதலில் மனத்தில் கொள்வது நல்லது. தஞ்சாவூரிலிருந்து வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில், காவிரியின் வடகரையில் இருக்கிறது. ரயில் நிலையம் கிடையாது; தஞ்சாவூரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்து கடைசியில் காவிரிப் பாலம் ஏறும்போதுதான் ஐயாறு என்ற பெயர் வெறும் புராணமல்ல, வழிக்குறிப்பு என்பது புரியும். பாடல் பெற்ற தலம் என்ற வகையில் இதன் இசைப் பழமை தியாகராஜருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கோயிலை வலம்வந்த மகளிர் நடமாட, முழவு அதிர, அந்த முழக்கத்தை மழை என்று அஞ்சிய மந்திகள் மரமேறி முகில் பார்த்தன என்று சம்பந்தர் பாடியது இந்த ஊரைப் பற்றித்தான். அந்தப் பதிகத்தின் பண், அதாவது ராகம், மேகராகக்குறிஞ்சி என்பது, திட்டமிட்டதோ தற்செயலோ, முகில் பார்த்த குரங்குகளுக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒலிபெருக்கி இல்லை. திறந்த வெளியில் ஒரு முழவு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு அந்தக் குரங்குகளே சாட்சி. இந்த ஒப்பீட்டில் ஒலிபெருக்கி உள்ள இசை, இல்லாத இசை என்ற பிரிவு மீண்டும் மீண்டும் வரும் என்பதால் அவற்றை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

தை: பந்தலும் சமாதியும்

தியாகராஜர் 1767-இல் திருவாரூரில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில் கழித்து, 1847 ஜனவரி 6-ஆம் நாள் புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில், சித்தியடைந்தார். ஆராதனை அந்தத் திதியைப் பின்பற்றுவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும், சில ஆண்டுகளில் தை பிறக்கும் முன்பே வந்துவிடும்: 2023-இல் ஜனவரி 11, 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18. இதைச் சொல்லக் காரணம், பொங்கல் விடுமுறையோடு சேர்த்து வந்துவிடும் என்று நம்பி ரயில் பயணச்சீட்டு எடுத்து ஏமாந்தவர்களை நான் அறிவேன். பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே பதிவு செய்ய வேண்டும்.

விழா ஐந்து நாள் நடக்கும். பஞ்சமியன்று காலையில் பஞ்சரத்தினம் எனப்படும் தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகள். இந்த இரண்டும் வேறு வேறு அனுபவங்கள் என்பதைத்தான் முதல்முறை வருபவர்கள் அறிந்துகொள்ளத் தவறுகிறார்கள். ஐந்து நாளும் காலை முதல் இரவு வரை கலைஞர்கள் வரிசையாக வந்து, ஆளுக்குப் பத்து முதல் இருபது நிமிடம் தியாகராஜர் கீர்த்தனைகளை மட்டும் பாடிவிட்டு இறங்குவார்கள். அருகருகே இரண்டு மேடைகள். ஒன்றில் பாட்டு நடக்கும்போதே அடுத்ததில் தம்புராவைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். சன்மானம் வாங்காமல் பாடுவது மரபு. கேட்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. சென்னையின் டிசம்பர் சபாக்களில் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குப் பழகிய காதுக்கு இது விசித்திரமாக இருக்கும். விரிவான ஆலாபனையோ, ராகம் தானம் பல்லவியோ, தனி ஆவர்த்தனமோ இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஒரு ராகத்தின் வாசலைத் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். ஆனால் அரை நாள் உட்கார்ந்தால், இருபது பேர் இருபது கீர்த்தனைகளைப் பாடக் கேட்கலாம். பேர் தெரியாத ஒரு மாணவி அடாணாவில் ‘இலலோ ப்ரணதார்த்திஹர’ பாடி முடித்ததும், பெரிய வித்துவான் ஒருவர் மேடையேறுவார், இருவருக்கும் ஒரே அளவு நேரம். இந்தச் சமத்துவத்தை வேறு எந்த மேடையிலும் நான் கண்டதில்லை. ப்ரணதார்த்திஹரர் என்பது இவ்வூர்ச் சிவன் ஐயாறப்பரின் இன்னொரு பெயர் என்பதும், நாம் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்தச் சுவாமி இருக்கிறார் என்பதும் தெரிந்து கேட்டால் அந்தப் பாட்டு வேறு விதமாகக் காதில் விழும்.

பஞ்சமி காலை இதற்கு நேர் எதிர். விடிந்ததும் திருமஞ்சன வீதியில், தியாகராஜர் வாழ்ந்த இடத்தில் உள்ள நினைவில்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை, அதாவது வீதியில் பாடி அரிசி பெற்றுச் செல்லும் பஜனை, புறப்பட்டுச் சமாதிக்கு வரும். அங்கே நாகஸ்வரம், பிறகு குழல் கலைஞர்கள் சேர்ந்து பைரவியில் ‘சேதுலாரா’, அதன்பின் பஞ்சரத்தினம்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில். ஐந்தும் ஆதி தாளம். ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் மறுபுறமுமாக நீண்ட வரிசைகளில் எதிரெதிரே அமர்ந்து, நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். இங்கே தனி ஒருவரின் குரல் என்று எதுவும் இல்லை. அதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். நான் நின்ற இடத்துக்கு அருகில் ஒரு முதியவர், பாடல் வரிகளான சாகித்தியம் அச்சிட்ட தாளை மடியில் வைத்து, அதைப் பாராமலே, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினார். சரணத்தில் ஸ்வரம் வரும் இடமெல்லாம் உரக்கப் பாடியவர், அதே அடி சாகித்தியமாகத் திரும்பும்போது உதட்டை மட்டும் அசைத்தார். தெலுங்கு உச்சரிப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை போலும். கௌளையில் நன்றாக ஏறிய கூட்டத்தின் ஒலி வராளியில் தணிந்ததையும் கவனித்தேன். வராளியைக் குரு நேரில் சீடனுக்குக் கற்பிக்கலாகாது என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருப்பதால், ‘கனகனருசிரா’வை முழுமையாகப் பாடம் பண்ணியவர்கள் குறைவு. ‘எந்தரோ மகானுபாவுலு’ வந்ததும் பந்தலின் கடைசி வரிசை வரை மீண்டும் எழுந்துவிட்டது.

எனவே பஞ்சரத்தினத்தைப் பாடத் தெரிந்தவருக்கு, அல்லது அரைகுறையாகவேனும் உடன்பாட விரும்புபவருக்குத் தையைப் போல இன்னொரு பருவம் இல்லை. கேட்பதற்காக மட்டும் போகிறவருக்குப் பஞ்சமி காலை, வெளிப்படையாகச் சொன்னால், மிகச் சுமாரான இடம். முன்வரிசைகள் கலைஞர்களுக்கு உரியவை. பின்னால் நிற்பவர் கேட்பது ஒலிபெருக்கியின் குரலைத்தான். அந்த ஒரு மணி நேரத்தை வானொலியும் தொலைக்காட்சியும் நேரடியாக ஒலி, ஒளி பரப்புகின்றன. தெளிவு அதில் அதிகம். நேரில் வந்தே ஆக வேண்டும், ஆனால் பாடத் தெரியாது என்பவர்களுக்கு என் யோசனை, பந்தலுக்குள் முண்டியடிப்பதைவிட உஞ்சவிருத்தியோடு வீதியில் நடப்பது. ஒலிபெருக்கியின் துணை இல்லாமல், தெரு அகலத்துக்கு மட்டும் பரவும் குரலில் பஜனை கேட்கும். திண்ணைகளில் நிற்பவர்கள் அரிசி இடுவார்கள். பிச்சையெடுத்து வாழ்ந்த ஒருவரின் நினைவு நாள் இது என்பதை அந்த அரை மணி நேரம் நினைவூட்டும் அளவுக்குப் பந்தல் நினைவூட்டுவதில்லை.

சமாதியின் வரலாற்றில் ஒரு பகுதியையும் அறிந்துகொண்டு போவது அந்த இடத்தைப் பார்க்கும் கண்ணை மாற்றும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதைந்து கிடந்த சமாதியைப் பற்றிக் கேள்விப்பட்டு, தம் நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டு, நிலம் வாங்கி, சந்நிதி எழுப்பி, 1925-இல் குடமுழுக்குச் செய்வித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அப்போது பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து ஆராதனை நடத்திய ஆண் வித்துவான்கள் பெண்களை அங்கே பாட விடவில்லை. தாம் கட்டிய சந்நிதியில் தாமே பாட முடியாத நிலையில் அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லோரும் ஒன்றுகூடி, இன்று நாம் காணும் பஞ்சரத்தினக் கூட்டிசை அமைப்பு நிலைபெற்றது. 1952-இல் மறைந்த நாகரத்தினம்மாளின் சமாதியும் தியாகராஜர் சந்நிதியை நோக்கியபடி அங்கேயே இருக்கிறது. விழா நாள்களில் பலர் அதன் நிழலில் செருப்பை விட்டுவிட்டுப் போகிறார்கள். விழா இல்லாத நாளில் போனால், இரண்டு சமாதிகளுக்கும் இடையில் நீங்கள் மட்டும் நிற்கலாம். தையின் பெரிய குறை, அந்த அமைதி அப்போது கிடைக்காது என்பது.

தைக்குச் சாதகமான இன்னொன்று ஆறு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும் என்பதால், ஆராதனை முன்கூட்டி வரும் ஆண்டுகளில் காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தியாகராஜர் அசாவேரி ராகத்தில் பாடிய காவிரியைப் பந்தலின் ஓரத்திலிருந்தே பார்க்கலாம். ஜனவரி இறுதியில் விழுந்தால் இதற்கு உறுதி சொல்ல முடியாது.

சித்திரை: பல்லக்கின் பின்னால்

சித்திரையின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆறு இருக்காது, மணல்தான் இருக்கும். தஞ்சைச் சீமையின் சித்திரை வெயிலுக்கு அறிமுகம் தேவையில்லை. காலை பத்து மணிக்கு மேல் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது ஒரு தவம். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துவரும் குடும்பத்துக்கு இந்தப் பருவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் நாகஸ்வரம் கேட்க வேண்டும் என்றால் சித்திரைதான். ஐயாறப்பர் கோயிலின் பெருவிழாவின் நிறைவாக, விசாக நாளில் ஏழூர் விழா எனப்படும் சப்தஸ்தானம் நடக்கும். பங்குனியில் திருமழபாடியில் திருமணம் முடித்த நந்தியெம்பெருமானையும் சுயசாம்பிகையையும் அழைத்துக்கொண்டு, ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் சுற்றியுள்ள ஊர்களுக்கு உலா புறப்படுகிறார்கள். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று அழைக்கப்படும் திருநெய்த்தானம் ஆகிய ஆறு ஊர்களிலும் சென்று, அந்தந்த ஊர்ச் சுவாமிகளின் பல்லக்குகளையும் உடன் கூட்டிக்கொண்டு திருவையாறு திரும்புவார்கள். புதுமணத் தம்பதியரை உறவினர் வீடுகளுக்கு விருந்துக்கு அழைத்துச் செல்வதைப் போன்றதுதான். வழியெல்லாம் வயல், வழியெல்லாம் மேளம். நிறைவில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் ஒன்றுகூடும்போது, பொம்மை ஒன்று சுவாமிகளுக்குப் பூப்போடும் காட்சிக்காகவே ஊர் திரண்டு நிற்கும்.

இசை நோக்கில் இதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் மண்டபத்துக்கென்று உருவான வாத்தியங்கள் அல்ல. தெருவுக்கும் திறந்த வெளிக்கும் உருவானவை. குளிரூட்டிய அரங்கில், ஒலிவாங்கிக்கு முன்னால் அவற்றைக் கேட்பது, ஆற்றைக் குழாயில் பார்ப்பது போன்றது. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்குகிறது. பல்லக்குத் தாங்கிகளின் தோள் அசைவுக்கும் தவிலின் நடைக்கும் உள்ள உறவைப் பக்கத்தில் நடந்தால்தான் பார்க்க முடியும். பல்லக்கு நிற்கும் இடங்களில், குறிப்பாக இரவு ஏறிய பிறகு, வாசிப்பவருக்கு அவசரமில்லை. ஒரு ராகத்தை எடுத்தால் எடுத்ததுதான். ஊதும் நாக்கான சீவாளியை வாயிலிருந்து எடுத்து, ஈரம் பார்த்து, இடுப்பில் தொங்கும் வேறொன்றை மாற்றிப் பொருத்தி, ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு அவருக்கு நேரம் இருக்கிறது. ஒத்து ஊதுபவர் அந்த இடைவெளியிலும் சுருதியை விடுவதில்லை. ஆராதனைப் பந்தலில் கிடைக்காத ராக விஸ்தாரம் இங்கே கட்டணமின்றி, இருக்கையுமின்றி, தெருவில் கிடைக்கிறது. வாசிப்பின் தரம் ஆண்டுக்கு ஆண்டு, குழுவுக்குக் குழு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சினிமாப் பாட்டு கேட்டு வற்புறுத்தும் கூட்டமும் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு அந்தக் கூட்டம் வீட்டுக்குப் போய்விடும் என்பது ஆறுதல்.

ஏழூரையும் முழுதாகச் சுற்றுவது எல்லோராலும் இயலாது, அவசியமும் இல்லை. புறப்பாட்டுக்குத் திருவையாற்றிலும், நடுவில் கண்டியூரிலோ திருப்பூந்துருத்தியிலோ சில மணி நேரமும், திரும்பும்போது மீண்டும் திருவையாற்றிலும் இருந்தால் போதும். கண்டியூர் தஞ்சாவூர்ச் சாலையிலேயே இருப்பதால் அங்கே போக்குவரத்துச் சிக்கல் குறைவு.

சித்திரைப் பயணத்துக்கு ஒரு கூடுதல் கொசுறு உண்டு. தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாட்டிய நாடகங்களை, பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கி, இரவு முழுவதும் நடத்துகிறார்கள். ‘பிரகலாத சரித்திர’த்தில் நரசிம்மர் வெளிப்படும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். சில ஆண்டுகளில் ஏழூரும் நரசிம்ம ஜயந்தியும் அடுத்தடுத்த நாள்களில் வரும். சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போகும். இரண்டும் சேரும் ஆண்டு அமைந்தால், தயங்காமல் தையை விட்டுவிட்டுச் சித்திரைக்குப் போகலாம்.

ஆடி: ஆறும் கோயிலும்

ஆடியைப் பற்றி நீளச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றக்கூடும். பெரிய மேடையும் இல்லை, பெயர்பெற்ற கலைஞர்களின் பட்டியலும் இல்லை. ஆடி அமாவாசையன்று அப்பருக்கு ஐயாறப்பர் கயிலைக் காட்சி அளித்த நிகழ்வு கோயிலில் நடத்தப்படுகிறது. கயிலைக்கு நடந்தே புறப்பட்டு, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடல் தேய்ந்து, வடக்கே ஒரு குளத்தில் மூழ்கிய அப்பர் இங்கே எழுந்தார் என்பது வரலாறு. எழுந்ததும் அவர் பாடிய ‘மாதர்ப்பிறைக் கண்ணியானை’ என்ற பதிகம் காந்தாரப் பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் இப்போது நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். களிறும் பிடியும், கோழியும் பெடையும், குயிலும் மயிலும் இணை இணையாக எதிரே வர, அவற்றைச் சிவனும் சக்தியுமாகக் கண்டேன், கண்டறியாதன கண்டேன் என்று ஒவ்வொரு பாட்டும் முடியும். பக்க வாத்தியம் இல்லாமல், ஒற்றைக் குரலில், பாடப்பட்ட ஊரிலேயே அதைக் கேட்பது நான்கு நிமிட அனுபவம்தான். அந்த நான்கு நிமிடத்துக்காக ஒருவர் பயணம் செய்யலாமா என்றால், தேவாரத்தில் தோய்ந்தவர் செய்யலாம். கீர்த்தனை ரசிகர் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

அந்த வேறு காரணம் கோயிலின் கல்தான். ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள்ளேயே இரண்டு தனிக் கோயில்கள் உள்ளன. வடகயிலாயத்தை முதலாம் ராஜராஜனின் அரசி லோகமாதேவியும், தென்கயிலாயத்தை ராஜேந்திரனின் அரசி பஞ்சவன் மாதேவியும் எடுப்பித்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் பிரம்மாண்டத்தை முந்தின நாள் பார்த்துவிட்டு வந்தவருக்கு இவை சின்னதாகத் தோன்றும்; தூண்களுக்கு அருகில் போய் நிற்க நேரம் கொடுத்தால் அந்த எண்ணம் மாறும். பிரகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று ‘ஐயாறா’ என்று உரக்க அழைத்தால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். நான் மூன்றைத் தெளிவாகவும் நான்காவதைச் சந்தேகமாகவும் எண்ணினேன். பின்னால் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகள் ஏழும் கேட்டது என்று சாதித்தார்கள். கூட்டம் உள்ள நாளில் இது நடக்காது. அதிகாலையிலோ மாலை நடை திறந்தவுடனோ போக வேண்டும்.

ஆடியில் காவிரி கரைபுரளும் நிலையில் இருக்கும். மேட்டூர் திறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருக்கும் என்பதால், அணையில் நீர் உள்ள ஆண்டுகளில் புஷ்ய மண்டபப் படித்துறையின் பல படிகள் நீருக்குள் போய்விடும். அமாவாசையன்றும் பதினெட்டாம் பெருக்கன்றும் அந்தப் படித்துறையில் நிற்க இடம் இருக்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாதாரண வார நாளே இசைப் பயணிக்கு உகந்தது: காலையில் கோயில், பிற்பகலில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் ஆளில்லாத தியாகராஜர் சமாதி, மாலையில் படித்துறை. மேடை இல்லாத நாளிலும் ஊரில் இசை நின்றுவிடுவதில்லை. அரசு இசைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது, மாணவர்கள் சாதகம் செய்யும் ஒலி அந்தப் பக்கம் போகிறவர் காதில் விழும். தொடக்கப் பாடமான சரளிவரிசையில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இடறும் வயலினை ஐந்து நிமிடம் நின்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தங்குவது எங்கே, மிச்சப் பொழுது எதற்கு

எந்தப் பருவமானாலும் தஞ்சாவூரில் தங்குவதே நடைமுறைக்கு உகந்தது. திருவையாற்றில் அறைகள் குறைவு. ஆராதனை நாள்களில் அவையும் கலைஞர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் போய்விடும். அடிக்கடி பேருந்து உண்டு என்பதால் தூரம் ஒரு பொருட்டல்ல. ஒரே விதிவிலக்கு பஞ்சமி காலை. அன்று சாலை நெரிசல் கடுமையாக இருக்கும். விடியும் முன்பே தஞ்சாவூரை விட்டுக் கிளம்பாதவர் உஞ்சவிருத்தியைத் தவறவிடுவார்.

தஞ்சாவூரின் பகல்களை எப்படிச் செலவிடுவது என்பதில் பருவத்துக்குப் பெரிய பங்கில்லை. பெரிய கோயிலுக்குப் போவதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இசை நோக்கில் போகிறவர் விமானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. 1010-இல் நிறைவடைந்த அந்தக் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, பிடாரர் நாற்பத்தெட்டுப் பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் ராஜராஜன் நியமித்ததும், கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு வீடும் பங்கும் கொடுத்ததும் கல்வெட்டில் இருக்கின்றன. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு பிரகாரத்தை இசையால் நிரப்ப எத்தனை குரல் வேண்டும் என்பதற்கு அது கணக்கு. அரண்மனை வளாகத்தில் இசை அரங்கமான சங்கீத மகாலையும் நூலகமான சரஸ்வதி மகாலையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். நேரம் இருந்தால், நான் அவற்றைவிட முக்கியமாகச் சொல்வது வீணை செய்யும் பட்டறை ஒன்றை. பலாக் கட்டையிலிருந்து குடத்தைக் குடைந்தெடுக்கும் உளியின் ஒலியும், இருபத்துநான்கு மெட்டுகளை மெழுகில் பதித்துக் காதாலேயே ஸ்தானம் பார்க்கும் ஆசாரியின் பொறுமையும், கச்சேரி மேடையில் ஒருபோதும் தெரியாதவை. மெழுகு இறுகுவதற்குள் ஒரு மயிரிழை நகர்த்திவிட்டு, தந்தியை மீட்டி, தலையை ஆட்டாமல் மீண்டும் நகர்த்துவார்.

உணவைப் பற்றி ஒரு வரி போதும்: திருவையாற்றில் பாசிப்பருப்பு அல்வாவான அசோகா சாப்பிடாமல் திரும்பியவர் என்று யாரையும் நான் சந்தித்ததில்லை.

யாருக்கு எது என்று கேட்டால், என் கணக்கு இப்படி. பாடக் கற்றவர், கற்றுக்கொண்டிருப்பவர், பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிவைத்திருப்பவர் தைக்குப் போக வேண்டும். ஆனால் பஞ்சமிக்கு முந்தின நாள் பிற்பகலே வந்து, அன்று இரவு மேடை முடியும் வரை பந்தலில் அமர்ந்து, மறுநாள் காலையை உடன்பாடுவதற்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் ஆகாதவர்கள் பஞ்சமியையே விட்டுவிட்டு மற்ற நான்கு நாள்களில் ஒன்றில், பகல் வேளையில் வரலாம்; இடம் தாராளமாகக் கிடைக்கும், பாட்டும் குறைவுபடாது. ஆராதனையை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர் அதையே திரும்பப் பார்ப்பதைவிடச் சித்திரை விசாகத்துக்குப் போவதே மேல். உடல் வெயிலைத் தாங்கும், இரவு விழித்திருக்க முடியும் என்றால். முதிய பெற்றோரை அழைத்துவருபவருக்கும், இசையைவிட ஊரைப் பார்க்க விரும்புபவருக்கும் ஆடி. அதிலும் அமாவாசையைத் தவிர்த்த வார நாள்.

என்னையே கேட்டால், அடுத்த முறை சித்திரைதான். தவில்காரர் ஒருவர் கண்டியூர்ச் சாலையோரத்தில், பல்லக்கு சற்று நின்ற நேரத்தில், விரல் கூடுகளைக் கழற்றி வேட்டியில் முடிந்துகொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை ஊர் என்று கேட்டேன். கையில் டம்ளர் இருந்ததால், வடக்கே முகவாயால் காட்டினார்.